கடைசி மடக்கிலிருந்து மூச்சுச் சோதனை வரை: புதிதாகச் சேரும் விமானிகளுக்கு

பயிற்சி முடித்து முதல் வேலையில் சேரப் போகிற பிள்ளைகள் என்னிடம் தனியாக வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், மறுநாள் ஃபிளைட் இருந்தா முந்தின நாள் எத்தனை மணி வரைக்கும் குடிக்கலாம்?" கேட்பது நல்லதுதான். கேட்காமல் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்பவரை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஆனால் இந்தக் கேள்வியில் பாதிதான் இருக்கிறது. "எத்தனை மணி வரைக்கும்" என்று கேட்கிறவர்கள் "எவ்வளவு" என்று கேட்பதில்லை. உடம்புக்குத் தெரிந்த கணக்கு அந்த இரண்டாவதுதான்.

குடிக்காதவர்களும் இதைப் படியுங்கள். வாய் கொப்பளிக்கும் தண்ணீரும் இருமல் மருந்தும் கூட உங்களை இந்த விதிக்குள் இழுத்துவிடும்.

முதலில், விதி

இந்தியாவில் இதற்கு அடிப்படை, 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 24ஆவது விதி. அதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. விமானம் கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் மது அருந்தியிருக்கக் கூடாது என்பது ஒன்று. மூச்சிலோ ரத்தத்திலோ சிறுநீரிலோ கண்டுபிடிக்கக்கூடிய அளவில் ஆல்கஹால் இருக்கவே கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே பொருந்த வேண்டும். 12 மணி நேரம் தாண்டிவிட்டது, ஆனால் மூச்சைச் சோதிக்கும் கருவி எண் காட்டுகிறது என்றால் நீங்கள் விதியை மீறியவர்தான். கருவி பூஜ்யம் காட்டுகிறது, ஆனால் 10 மணி நேரத்துக்கு முன்னால் ஒரு பீர் குடித்தீர்கள் என்றாலும் அப்படியே.

வெளிநாட்டில் படித்துவிட்டு வருகிறவர்கள் இந்த இடத்தில் குழம்புவார்கள். அமெரிக்காவில் 8 மணி நேரம், ரத்தத்தில் 0.04 சதவீதத்துக்குக் கீழே என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பிரிட்டனில் 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 20 மில்லி கிராம் என்பது எல்லை. நம் ஊரில் கார் ஓட்டுகிறவருக்கே 30 மில்லி கிராம் வரை சட்டம் விட்டுக்கொடுக்கிறது. விமானிக்கு எதுவும் கிடையாது. கருவித் திரையில் 0.000 வந்தால்தான் விமானத்துக்குப் போகலாம். உலகத்திலேயே கடுமையான விதிகளில் ஒன்று இது. சரியான விதி என்றே நான் நினைக்கிறேன். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்த விதியை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., தனியாக ஒரு ஒழுங்குமுறை வெளியிட்டிருக்கிறது. ஐந்தாம் பிரிவு, எஃப் வரிசை, மூன்றாம் பகுதி. அவ்வப்போது திருத்துவார்கள். கடைசியாகத் திருத்திய பிரதியை டி.ஜி.சி.ஏ. இணையதளத்திலிருந்து இறக்கி, வேலையில் சேரும் முன் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் கையேடு இதைவிடக் கடுமையாக இருக்கலாம். அப்படி இருந்தால் உங்களுக்கு விதி அந்தக் கையேடுதான்.

படி 1: கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டுங்கள்

காலை 6 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். நேராகக் கணக்குப் போட்டால் முந்தின நாள் மாலை 6 மணி வருகிறது. அப்படிப் போடாதீர்கள். நீங்கள் மூச்சை ஊதப் போவது 6 மணிக்கு இல்லை, வேலைக்கு வந்து பதிவு செய்யும் ரிப்போர்ட்டிங் நேரத்தில். அது 5 மணியாக இருந்தால், அங்கிருந்து பின்னால் போய் மாலை 5 மணியை எல்லையாக வையுங்கள். நீங்கள் எண்ண வேண்டியது கடைசி மடக்கிலிருந்து. முதல் கிளாஸ் எப்போது எடுத்தீர்கள் என்பது இங்கே உதவாது.

ஸ்டாண்ட்பை நாட்களில்தான், அதாவது கூப்பிட்டால் உடனே போகத் தயாராக இருக்க வேண்டிய நாட்களில்தான், புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். "கூப்பிட மாட்டாங்க" என்ற நினைப்பில் முந்தின இரவு நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விடுவார்கள். காலை 4 மணிக்கு ஸ்டாண்ட்பை தொடங்குகிறது என்றால், 4 மணிக்கே விமானம் இருப்பதாக நினைத்துக் கணக்குப் போடுங்கள். ரோஸ்டர், அதாவது பணி அட்டவணை, மாறக்கூடும் என்று காதில் விழுந்தாலும் அப்படித்தான்.

படி 2: அளவைக் கணக்கில் சேருங்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக வாருங்கள். மொத்தக் கட்டுரையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

கல்லீரல் ஆல்கஹாலை ஒரே சீரான வேகத்தில் எரிக்கிறது. 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லி கிராம். சிலருக்கு 10தான் எரியும், சிலருக்கு 20 வரை போகும். காபி குடித்தாலும் குளித்தாலும் வியர்க்க ஓடினாலும் மோர் குடித்தாலும் இந்த வேகம் கூடாது. தூக்கமும் கூட்டாது. "நல்லா தூங்கி எழுந்துட்டேன்" என்பது களைப்புக்கு மருந்தாகலாம், ரத்தத்தில் இருக்கிற ஆல்கஹாலுக்கு இல்லை.

இப்போது நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஓர் ஆண் 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்று குடிக்கிறார். உள்ளே போன ஆல்கஹால் சுமார் 41 கிராம். ரத்தத்தில் ஏறுவது 86 மில்லி கிராம் அளவுக்கு. அது முழுதாக இறங்க ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். இவர் 12 மணி நேர விதிக்குள் வசதியாக இருக்கிறார்.

அவரே ஒரு குவார்ட்டர் குடித்தால்? 180 மில்லி, 42.8 சதவீதம். 61 கிராம் ஆல்கஹால். ரத்தத்தில் 128. இறங்க எட்டரை மணி நேரம். ஆனால் இவர் மெதுவாக எரிக்கிற உடம்புக்காரர், மணிக்கு 10தான் என்றால் அதே குவார்ட்டருக்கு 12 மணி நேரத்துக்கும் மேலே போய்விடும். விதிப்படி நடந்தும் மாட்டிக்கொள்வார்.

அதே குவார்ட்டரை 55 கிலோ எடையுள்ள ஒரு பெண் குடித்தால் கணக்கு இன்னும் மாறும். பெண்களுக்குப் பொதுவாக உடம்பில் தண்ணீரின் பங்கு குறைவு. அதனால் ரத்தத்தில் 200 வரை ஏறும். சராசரி வேகத்திலேயே 13 மணி நேரம் தாண்டும். என் பெண் மாணவிகளுக்கு இதைத் தனியாகச் சொல்வேன், கூட இருக்கிற ஆண் நண்பர்களின் கணக்கை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று.

ஆஃப் பாட்டில் என்றால், 375 மில்லி, அந்த 70 கிலோக்காரருக்கே 17, 18 மணி நேரம் ஆகும். இரவு 8 மணிக்கு முடித்தவர் மறுநாள் மதியம் 1 மணிக்கு ஊதினாலும் கருவி எண் காட்டும். அவருக்கு அப்போது போதை எதுவும் தெரியாது. குளித்து, சாப்பிட்டு, தெளிவாகத்தான் இருப்பார். "பன்னிரண்டு மணி நேரம் ஆயிடுச்சே" என்று உண்மையாகவே அதிர்ச்சியடைவார்.

இந்தக் கணக்குகள் தோராயமானவை. சாப்பாடு, வயது, கல்லீரலின் நிலை எல்லாம் மாற்றும். ஆகவே எல்லையில் நின்று கணக்குப் பார்க்க இதைப் பயன்படுத்தாதீர்கள். என் சொந்த ஏற்பாடு எளிமையானது. மறுநாள் டூட்டி இருந்தால் குடிப்பதில்லை. ஒரு முழு நாள், 24 மணி நேரம், இடைவெளி இல்லாவிட்டால் கிளாஸைத் தொடுவதில்லை. அந்த 24 மணி நேரமும் அளவாகக் குடித்த நாளுக்குத்தான்.

ஏன் பூஜ்யம்

"கொஞ்சம் மிச்சம் இருந்தால் என்ன ஆகிவிடும், தரையில் தெளிவாகத்தானே இருக்கிறேன்" என்று தோன்றும். தரையில் சரி. மேலே போனால் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு நிகராகக் குறையலாம். ஊட்டியைவிட உயரமான இடத்தில் உட்கார்ந்திருப்பது போல. ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே கொஞ்சம் குறைகிறது. ஆல்கஹாலோ, வந்து சேரும் ஆக்சிஜனைத் திசுக்கள் பயன்படுத்துவதையே கெடுக்கிறது. இரண்டும் ஒரே மூளையில் சேர்கின்றன.

அப்புறம் காது. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பில் திரவமும், அதற்குள் ஒரு மெல்லிய சவ்வுத் தடுப்பும் உண்டு. சாதாரணமாக இரண்டுக்கும் ஒரே அடர்த்தி. ஆல்கஹால் சவ்வுக்குள் முதலில் ஊறி அதை லேசாக்குகிறது, தலை சுற்றுகிறது. பிறகு சவ்விலிருந்து முதலில் வெளியேறி, திரவத்தில் மிஞ்சி நிற்கிறது. அப்போது எதிர்த் திசையில் சுற்றல். ரத்தத்தில் பூஜ்யம் ஆன பிறகும் இது பல மணி நேரம் நீடிக்கும். மேகத்துக்குள், இருட்டில், தலையைச் சட்டென்று திருப்பும் விமானிக்கு இது என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். விமானம் நேராகப் போகும்போதே சாய்வதாக உடம்பு சொல்லும்.

1986இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் கடற்படை விமானிகள் 10 பேரைக் குடிக்க வைத்து, 14 மணி நேரம் கழித்து சிமுலேட்டரில் ஓட்டவிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் அவர்கள் ஓட்டிய விதம் மோசமாகவே இருந்தது. கருவியில் பூஜ்யம் வருவது சட்டத்தின் தேவை. தலைவலியோடும் வாந்தி உணர்வோடும் இருக்கிற உடம்பு, பூஜ்யம் வந்தாலும் விமானம் ஓட்டத் தகுதியான உடம்பு இல்லை.

படி 3: குடிக்காமலே மாட்டிக்கொள்ளும் வழிகளை அடைத்துவிடுங்கள்

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கோ-பைலட்டாகச் சேர்ந்த முதல் வருடம், விடியற்காலை விமானம். தொண்டை கரகரப்பு. கிளம்புகிற அவசரத்தில் வண்டியிலேயே மவுத்வாஷ் ஊற்றிக் கொப்பளித்துவிட்டு நேராகப் போய் ஊதினேன். திரையில் எண் வந்தது. நான் முந்தின நாள் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. இருந்தும் கை நடுங்கியது. வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி உட்கார வைத்தார்கள். இருபது நிமிடம் கழித்து ஊதியபோது 0.000. அந்த இருபது நிமிடத்தில் அம்மாவிடம் என்ன சொல்வது என்பது வரை யோசித்துவிட்டேன்.

இன்று நடந்தால் நிலைமை இன்னும் மோசம். 2023இல் வந்த திருத்தத்தின்படி, சோதனையில் எண் வரச் செய்யக்கூடிய மவுத்வாஷ், பல் ஜெல், ஆல்கஹால் கலந்த மருந்து எதையும் பணியாளர்கள் பயன்படுத்தவே கூடாது. அப்படிப்பட்ட மருந்து எடுக்க வேண்டியிருந்தால், டூட்டிக்கு வரும் முன் நிறுவன மருத்துவரிடம் பேச வேண்டும்.

நம் வீடுகளில் குறிப்பாகப் பார்க்க வேண்டியவை அரிஷ்டங்கள். தசமூலாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் போன்றவை புளிக்க வைத்துத் தயாரிப்பவை. தானாக உண்டாகும் ஆல்கஹால் அதில் இருப்பதாக லேபிளிலேயே போட்டிருக்கும். செரிமானத்துக்கு நல்லது என்று பாட்டி பாசமாகக் கொடுப்பார். வாங்கி வையுங்கள், விடுமுறையில் குடியுங்கள். ஹோமியோபதி சொட்டு மருந்துகளில் பலவும் ஆல்கஹாலில் கரைத்தவை. இருமல் சிரப் வாங்கும்போது ஆல்கஹால் இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். கோடீன் என்ற போதை தரும் மருந்து கலந்த சிரப் வேறொரு சிக்கலைக் கொண்டுவரும், ஏனென்றால் 2022 ஜனவரி கடைசியிலிருந்து போதைப் பொருள்களுக்கும் தனியாகத் திடீர்ச் சோதனை நடக்கிறது. தூக்க மாத்திரையும் அப்படியே.

கிறிஸ்துமஸ் நேரத்து ரம் கேக், வெயில் ஏற ஏறப் புளித்துவிடும் பதநீர், இரண்டையும் டூட்டி நாளில் தவிர்த்துவிடுங்கள். சானிட்டைசர் போட்டால் கை நன்றாகக் காய்ந்த பிறகு கருவியைப் பிடியுங்கள். வாசனைத் திரவியம் அடிப்பதை மூச்சுச் சோதனை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். மாவுச்சத்தை மிகவும் குறைக்கும் கடுமையான கீட்டோ உணவுமுறையில் இருப்பவர்களின் உடம்பில் ஐசோபுரொப்பனால் என்ற வேதிப்பொருள் உண்டாகலாம், கருவி அதையும் ஆல்கஹாலாக எடுத்துக்கொள்ளக்கூடும். எடை குறைக்க நினைத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

படி 4: சோதனை அறையில்

பயப்பட ஒன்றுமில்லை. ஐந்து நிமிட வேலை. ஆனால் கடைசி நிமிடத்தில் ஓடி வராதீர்கள். அவசரத்தில் மறந்து நேராக விமானத்துக்குப் போய்விட்டவர்கள் உண்டு, சோதனை செய்யாமல் ஓட்டுவதும் தண்டனைக்குரிய மீறல்தான். ஊதுவதற்கு முந்தைய 15 நிமிடம் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிட வேண்டாம், குடிக்க வேண்டாம்.

மருத்துவரோ பயிற்சி பெற்ற செவிலியரோ இருப்பார். கேமரா ஓடும். உங்கள் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவு செய்வார். கருவி முதலில் வெறும் காற்றைச் சோதித்துப் பூஜ்யம் காட்ட வேண்டும். அதை நீங்களும் பாருங்கள், அது உங்கள் உரிமை. ஊதுகுழல் புதிதா என்றும் பாருங்கள். ஆழமாக மூச்சிழுத்து, ஒரே சீராக, கருவி போதும் என்று சொல்லும் வரை ஊதுங்கள். நுரையீரலின் அடியிலிருந்து வரும் காற்றுதான் அதற்கு வேண்டும், அதில்தான் ரத்தத்தில் இருக்கிற ஆல்கஹாலின் அளவு தெரியும். கருவிக்கு உள்ளே ஒரு சிறிய எரிபொருள் மின்கலம், பிளாட்டினம் பூசியது. ஆல்கஹால் பட்டால் மின்னோட்டம் உண்டாகும். புதினா மிட்டாயோ பாக்கோ மெல்லுவதால் அந்த மின்னோட்டம் குறையாது. மணம்தான் மறையும். வந்த எண்ணைப் பார்த்து, நேரத்தைச் சரிபார்த்து, கையெழுத்துப் போடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்கு ஓட்டி வரும்போது, முதலில் இறங்கும் இந்திய விமான நிலையத்தில் இறங்கிய பிறகு ஊத வேண்டும். "அங்கே சோதனை இல்லையே" என்று வெளிநாட்டு ஹோட்டலில் தாராளமாக இருந்துவிடாதீர்கள். அங்கேயும் திடீர்ச் சோதனை உண்டு. 2018 அக்டோபரில் லண்டன் ஹீத்ரோவில் ஜப்பான் ஏர்லைன்ஸின் துணை விமானி ஒருவர் ரத்தத்தில் 189 மில்லி கிராமோடு பிடிபட்டார். எல்லை 20. அவரிடமிருந்து வாடை வருவதைக் கவனித்துச் சொன்னவர், ஊழியர்களை அழைத்துச் செல்லும் வண்டியின் ஓட்டுநர். விமானிக்கு 10 மாதச் சிறை.

படி 5: எண் வந்துவிட்டால்

அமைதியாக இருங்கள், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். இதுதான் மிக முக்கியம். மறுப்பதும் விமான நிலையத்தை விட்டு நழுவுவதும் எண் வந்ததற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளப்படும். சற்று இடைவெளி விட்டு இரண்டாவது சோதனை உண்டு. அதற்குள் முகம் கழுவி வாய் கொப்பளிக்க அனுமதிப்பார்கள். கருவி சரியாக இருக்கிறதா என்று இன்னொருவரை ஊத வைத்தும் பார்ப்பார்கள். சாட்சி முன்னால் நடக்கும். மருந்து ஏதாவது எடுத்திருந்தால் பெயரோடு சொல்லி எழுத வையுங்கள்.

இரண்டாவதிலும் எண் வந்தால் அன்றைய விமானம் உங்களுக்கு இல்லை. முதல் முறை என்றால் உரிமம் மூன்று மாதம் நிறுத்தம். இரண்டாம் முறை மூன்று ஆண்டு. மூன்றாம் முறை உரிமமே ரத்து. பதவி காப்பாற்றாது. 2018 நவம்பரில் ஒரு பெரிய நிறுவனத்தின் செயல்பாட்டு இயக்குநராகவே இருந்த மூத்த விமானியின் உரிமம் மூன்று ஆண்டுக்கு நிறுத்தப்பட்டது.

படி 6: பக்கத்து இருக்கைக்காரர்

புதியவருக்கு இதுதான் கடினம். கேப்டனிடமிருந்து வாடை வருகிறது, நீங்கள் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. என்ன செய்வீர்கள்?

1977 ஜனவரி 13, அலாஸ்காவின் ஆங்கரேஜ். ஜப்பான் ஏர்லைன்ஸின் டி.சி.-8 சரக்கு விமானம், உள்ளே மாடுகள். கேப்டனின் தள்ளாட்டத்தை அவரை ஏற்றி வந்த டாக்ஸி ஓட்டுநர் கவனித்திருந்தார். விமானம் கிளம்பியதும் விழுந்து ஐந்து பேரும் இறந்தார்கள். கேப்டனின் ரத்தத்தில் 298 மில்லி கிராம். விசாரணை அறிக்கை அவரோடு நிற்கவில்லை. அவரைத் தடுக்கத் தவறிய மற்ற விமானப் பணியாளர்களையும் காரணங்களில் சேர்த்தது. 1961 ஜனவரி 3 அன்று ஃபின்லாந்தில் ஒரு டி.சி.-3 விழுந்து 25 பேர் இறந்தபோது இரண்டு விமானிகளுமே குடித்திருந்தார்கள். தடுக்க யாரும் மிச்சமில்லை.

ஆகவே தனியாக அழைத்து, மரியாதையாக, நேராகச் சொல்லுங்கள். "சார், இன்னைக்கு நீங்க வேண்டாம், உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க." கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் டூட்டி அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள், அவர் உங்கள் குருவாகவே இருந்தாலும். நண்பரைக் காட்டிக்கொடுத்ததாக மனசு உறுத்தும், அது இயல்பு. 1990 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் ஃபார்கோவிலிருந்து மினியாபொலிஸ் போன நார்த்வெஸ்ட் விமானத்தில் மூன்று விமானிகளும் போதையில் இருந்தார்கள், பத்திரமாகவே இறக்கினார்கள். மூவரும் சிறைக்குப் போனார்கள். அந்தக் கேப்டன் குடியை விட்டு, உரிமங்களை மறுபடி வாங்கி, அதே நிறுவனத்தில் மீண்டும் பறந்தார். 2001இல் அதிபர் கிளின்டன் மன்னிப்பு வழங்கினார். பிடிபட்டது அவருக்கு முடிவாக இருக்கவில்லை. குடியை நிறுத்த முடியவில்லை என்று தோன்றினால், யாரும் கண்டுபிடிக்கும் முன்பே மருத்துவரிடம் போங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

படி 7: சந்தேகம் என்றால் வீட்டிலிருந்தே சொல்லிவிடுங்கள்

முந்தின இரவு கணக்கு தவறிவிட்டது. காலையில் தலை கனக்கிறது. இந்த நிலையில் விமான நிலையத்துக்குப் போய் "பார்ப்போம்" என்று ஊதாதீர்கள். ஊதி எண் வந்தால் அது டி.ஜி.சி.ஏ. பதிவு, ஆயுளுக்கும். வீட்டிலிருந்தே ரோஸ்டர் பிரிவுக்கு போன் செய்து டூட்டிக்குத் தகுதியாக இல்லை என்று சொன்னால் ஒரு நாள் விடுப்பு போகும், மேலாளர் முகம் சுளிப்பார். அவ்வளவுதான். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் இன்னொருவரை எழுப்பி அனுப்புவார்கள். நீண்ட விளக்கம் தேவையில்லை. "இன்னைக்கு நான் ஃபிட் இல்லை, என்னை எடுத்துடுங்க" என்றால் போதும். அந்தப் பிரிவின் எண்ணை இப்போதே போனில் போட்டு வையுங்கள். அதிகாலை 3 மணிக்கு கனத்த தலையோடு தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.